மலிவு விலைக் கப்பல் பயணம்: உங்களுக்குக் கட்டுப்படியானதா?

கெப்போங் கணக்கன்

விளம்பரம் உங்களுக்கும் வந்திருக்கும், விளக்க வேண்டாம். இரண்டாவது ஆளுக்கு 60 விழுக்காடு கழிவு, மூன்றாவது நான்காவது ஆளுக்கு இலவசம், இன்று நள்ளிரவு வரை மட்டும். சிங்கப்பூரில் ஏறி, மூன்று இரவு, நடுவில் பினாங்கு. நான், மனைவி, அம்மா, ஒன்பது வயது மகன். நாலு பேருக்கும் ஒரே அறை.

என் டிக்கெட் 1,450 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), மனைவிக்கு 580. ஆக 2,030. அம்மாவும் பையனும் இலவசம் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பணம் கட்டப் போனால் துறைமுகக் கட்டணமும் வரியும் தலைக்கு 390. இலவசத் தலைகளுக்கும்தான். அதில் 1,560. அப்புறம் கப்பலில் டிப்ஸ், ஆளுக்கு இரவுக்கு 18 அமெரிக்க டாலர். அதைப் பிறகு சொல்கிறேன். கோலாலம்பூர் டிபிஎஸ் பஸ் நிலையத்திலிருந்து பஸ், சிங்கப்பூர் போகும் பாலத்தில் நெரிசலாகும் என்று பயந்து முதல் நாளே ஜொகூர் பாருவில் ஹோட்டல், கப்பலில் வைஃபை, படம் பிடித்து விற்கிறார்களே அது. வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால் 5,980.

பணம் போனது போகட்டும். என்னை உறுத்துவது வேறு.

முதல் நாள் சாயங்காலம் அறை சுத்தம் செய்யும் பையன் குளிக்கும் துண்டை யானையாக மடித்துக் கட்டிலின்மேல் உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தான். அம்மா பார்த்துவிட்டு, "பிள்ளையார் மாதிரி இருக்குடா, பிரிக்காதே" என்றார். நான் பனியனில்தான் தலை துவட்டினேன். மறுநாள் காலை அந்தத் தும்பிக்கைக்கு அடியில் ஒரு சிவப்புப் பத்து வெள்ளி நோட்டைச் சொருகி வைத்தார். அடுத்த நாளும் அப்படியே.

கடைசி ராத்திரி கதவிடுக்கில் பில். டிப்ஸ் 216 டாலர், ஏறக்குறைய 950 வெள்ளி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இனாம்னா நாமா மனசு வந்து குடுக்கறது. பில்லு போட்டு வாங்கினா அது வரி. போய்க் கேளு" என்றார். போனேன். இரவு பதினொன்றரைக்கு எனக்கு முன்னால் முப்பது பேர், எல்லார் கையிலும் அதே தாள். என் முறை வந்ததும் கவுண்டர் பெண் சிரித்த முகத்தோடு, "எடுத்துவிடட்டுமா சார்?" என்று கேட்டாள். எடுக்க முடியும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "வேண்டாம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த 216-இல் யானை செய்தவனுக்கு ஏதாவது போயிருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் தம்பி

அண்ணே, உங்களுக்காவது போக வேண்டிய ஊருக்குக் கப்பல் போனது.

நான் எடுத்தது ஜூலை மாதம், தாய்லாந்தின் பூக்கெட். பாதி விலை. ஏன் பாதி விலை என்று அப்போது யோசிக்கவில்லை. அங்கே பாத்தோங் கடற்கரையில் பெரிய கப்பல் கட்டாது, நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில் ஆளை இறக்குவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் அந்தப் பக்கம் அலை. காலை ஏழு மணிக்குக் குடும்பமே அரைக்கால் சட்டை, தொப்பி, சன்கிரீம் சகிதம் வரிசையில் நிற்கிறோம், ஒலிபெருக்கியில் கேப்டன்: பாதுகாப்புக் காரணமாகப் படகு இறக்க முடியாது. என் மகள் கண்ணாடி வழியாகக் கரையைக் காட்டி, "அப்பா, அதோ கடைகூடத் தெரியுது" என்றாள். உண்மையாகவே தெரிந்தது. கடைக் குடையின் நிறம்கூடத் தெரிந்தது. மனைவி கோடாலித் தைலத்தை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்தவர்தான், மறுநாள்தான் எழுந்தார்.

திரும்பக் கிடைத்தது துறைமுகக் கட்டணம் மட்டும். ஒரு துறைமுகத்தைத் தவிர்க்கும் உரிமை கப்பலுக்கு உண்டு என்று விதிமுறையில் இருக்கிறதாம். இருந்தது. பிறகு படித்தேன்.

சுபாங் சார்

இரண்டு பேருமே கணக்கைத் தப்பாகப் போடுகிறீர்கள். நான் ஆறு முறை போயிருக்கிறேன், ஒரு முறைகூட ஏமாந்ததில்லை. முதல் முறை போன் பில் மட்டும் 400 வெள்ளி வந்தது, அது என் தவறு. அதை விடுங்கள்.

பஸ், ஹோட்டல், வைஃபை, படம் எல்லாம் கப்பல் செலவா? அவற்றைத் தள்ளிவிட்டால் கெப்போங் நண்பருக்கு டிக்கெட், துறைமுகக் கட்டணம், டிப்ஸ் சேர்த்து ஆனது 4,540. நாலு பேர், மூன்று இரவு, அதாவது பன்னிரண்டு. வகுத்தால் ஆளுக்கு இரவுக்கு 378. அதில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, இரவில் நிகழ்ச்சி, நீச்சல் குளம், ஊர் விட்டு ஊர் போகிற பயணம் எல்லாம் அடக்கம். இதை விளம்பரத்து விலையோடு ஒப்பிட்டு என்ன பயன்? தரையில் இதே வசதிக்கு எவ்வளவு ஆகும் என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, கழிவு எத்தனை விழுக்காடு என்று பார்க்கவே பார்க்காதீர்கள். எந்த விலையிலிருந்து கழித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? பணம் கட்டுவதற்கு முந்தின பக்கம் வரை போனால் துறைமுகக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்த மொத்தம் வரும். அதைப் படம் எடுத்து வையுங்கள். "இன்று நள்ளிரவு வரை" போய் அடுத்த வாரம் மறுபடி பாருங்கள், அநேகமாக அதே மொத்தம் வேறு பெயரில் இருக்கும். எனக்கு மூன்று முறை அப்படி.

அறை எண் தராமல் "உறுதி அறை" என்று விற்பார்கள். எந்த வகை அறை என்பதற்குத்தான் அதில் உறுதி, எங்கே என்பதற்கு இல்லை. ஒரு முறை எனக்கு டிஸ்கோவுக்கு நேர் மேலே கிடைத்தது. மது பேக்கேஜ் என்றால், ஒருவர் வாங்கினால் அந்த அறையில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் வாங்க வேண்டும் என்று சில கப்பல்களில் விதி. குடிக்காத மனைவிக்கும் சேர்த்துக் கட்டுவீர்கள். கப்பல் கணக்கோடு டெபிட் கார்டை இணைக்காதீர்கள், பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விட நாளாகும், கிரெடிட் கார்டுதான் சரி. கப்பல் நகர்ந்ததும் போனை விமான நிலையில் போடுங்கள். கப்பலின் சொந்த செல்போன் இணைப்பு வந்து ஒட்டிக்கொள்ளும், அது உங்கள் ரோமிங் பேக்கேஜில் சேராது. (400 வெள்ளி அப்படித்தான்.) கடப்பிதழில் ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கிள்ளான் துறைமுகத்தில் ஏறுவதாக இருந்தால், அந்த முனையம் புலாவ் இண்டாவில், கேடிஎம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இல்லை. கிராப் வாடகைக் கார் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜெலுத்தோங் தம்பி

சார், பஸ்ஸும் ஹோட்டலும் கப்பல் செலவு இல்லை என்று மேலே சொல்லிவிட்டு, கீழே கிராப் செலவைச் சேர்க்கச் சொல்கிறீர்கள். எது சரி?

தரைக் கணக்குத்தானே கேட்டீர்கள்? லங்காவியில் நாலு பேருக்கு ஒரு குடும்ப அறை இரவுக்கு 350 என்று வையுங்கள், மூன்று இரவுக்கு 1,050. சாப்பாட்டுக்கு ஆளுக்கு நாளுக்கு 80, அது 960. ஆக 2,010. உங்கள் 4,540-இல் பாதிகூட இல்லை. கடலும் இருக்கிறது, ஆடாத கட்டிலும் இருக்கிறது.

சுபாங் சார்

லங்காவிக்கு நீந்தியா போவீர்கள்? விமானக் கட்டணம் எங்கே?

பிரிக்பீல்ட்ஸ் அக்கா

நீங்கள் இரண்டு பேரும் கப்பலிலாவது ஏறினீர்கள்.

எனக்கு வந்தது போன். என் கார்டு எண் குலுக்கலில் விழுந்திருக்கிறதாம், இரண்டு பேருக்கு இலவசக் கப்பல் பயணம், கணவன் மனைவி சேர்ந்து வந்து பரிசை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ஒரு ஹோட்டலின் மூன்றாவது மாடி. தொண்ணூறு நிமிடம் என்றார்கள், மூன்றரை மணி நேரம் ஆனது. அறை முழுக்கச் சின்னச் சின்ன மேசை, மேசைக்கு ஒரு ஜோடி, ஜோடிக்கு ஒரு பையன். யாராவது கையெழுத்துப் போட்டால் முன்னால் ஒருத்தி மணியை அடிப்பாள், எல்லாரும் கை தட்ட வேண்டும். கோயில் மணி மாதிரி வெண்கல மணி. மூன்றாவது முறை அடித்தபோது என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நாலாவது மணி எங்களுக்கு. விடுமுறைக் கழக உறுப்பியம், 12,800 வெள்ளி, கார்டில் தவணை.

இலவசக் கப்பல் சீட்டு? கொடுத்தார்கள். பின்பக்கம் பொடி எழுத்து: துறைமுகக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் தனி, பள்ளி விடுமுறையும் பெருநாளும் ஆகாது, தேதி அவர்கள் தருவது. நாங்கள் கேட்ட ஏழு தேதியும் நிறைந்துவிட்டதாம். கப்பல் இன்னும் மிதக்கிறதா என்றே தெரியவில்லை.

நான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். பாரம் 1, கட்டணம் ஐந்து வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். வக்கீல் வேண்டாம். வீட்டுக்காரர் வர வெட்கப்படுகிறார், நான்தான் போகிறேன். பயண முகவர் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் இப்போது முதலில் கேபிகே எல்என் எண்ணைக் கேட்கிறேன். சுற்றுலா அமைச்சின் உரிமம் உள்ளவர்களுக்கு அந்த எண் இருக்கும். அன்றைக்குப் போன் செய்த பெண்ணிடம் இதைக் கேட்டிருந்தால் அவளே வைத்திருப்பாள்.

ஆயர் ஈத்தாம் டீச்சர்

கப்பல் விளம்பரத்தில் "இருவர் ஓர் அறையில்" என்று பொடியாக ஒரு வரி இருக்கும். தனியாகப் போகிறவர்கள் அதைக் கவனியுங்கள். எனக்குத் துணை இல்லை. காலியாக இருந்த கட்டிலுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட இரண்டு டிக்கெட் விலை கொடுத்தேன். மலிவு விற்பனை எங்களுக்கு இல்லை போலும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. நானும் சிங்கப்பூரில்தான் ஏறினேன். அதுவும் பினாங்குக்குத்தான் வந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊருக்கு, நான்கு மணி நேரத்துக்கு, சுற்றுலாப் பயணியாக. காலையில் மேல்தளத்தில் காப்பிக் கோப்பையோடு நின்றேன். முதலில் மலை, அப்புறம் கொம்தார் கோபுரம். என் வீட்டுத் திசையில் நானே கையசைத்தேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி அந்தத் திசையில் யார் என்று தேடினாள்.

கப்பலில் கொடிமலைக்கும் கெக் லோக் சி கோயிலுக்கும் கூட்டிப்போக ஆளுக்கு 79 டாலர் என்று போட்டிருந்தார்கள். அந்த இரண்டு இடத்துக்கும் 204-ஆம் எண் பஸ் போகும், சில்லறைக் காசுதான். என் மேசையில் இருந்த நாக்பூர்த் தம்பதிக்கு அதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சுவெட்டன்ஹாம் பியரில் இறங்கினேன். வாசலில் திரிஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், "திரிஷா, மேடம்? நல்ல விலை" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "அண்ணே, நான் ஆயர் ஈத்தாம்" என்றேன். "அப்ப ஏன் கப்பல்லேர்ந்து வரீங்க?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மணிக்கூண்டைத் தாண்டி லிட்டில் இந்தியா வரை நடந்தேன். மூன்று நாளாகக் கப்பல் சைவ வரிசையில் பன்னீர் தின்று நாக்கு செத்திருந்தது. இரண்டு தோசை, ஒரு தே தாரிக். அப்புறம் மறுபடி கப்பல் ஏறி, சிங்கப்பூர் போய், அங்கிருந்து பஸ்சில் இதே பினாங்குக்குத் திரும்பி வந்தேன்.

என் அப்பா ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கியதும் இதே பினாங்கில்தான். மேல்தளப் பயணி, சொந்தப் பாய், சொந்தச் சோற்றுப் பானை. திரும்பிப் போகும் டிக்கெட்டுக்குக் கடைசி வரை அவரால் காசு சேர்க்க முடியவில்லை. நான் இதைச் சொன்னால் என்னைக் கிறுக்கி என்பார்கள், அன்றைக்குக் கப்பல் ஏணியில் மறுபடி ஏறும்போது எனக்குக் கால் வரவில்லை.

பட்டர்வொர்த் பழைய கப்பல்காரன்

நாலு வருடம் கப்பலில் அறை சுத்தம் செய்தேன், கடைசி ஒப்பந்தம் ஒன்பது மாதம். ஒரு ஆளுக்குப் பதினெட்டு அறை, ஒரு நாளைக்கு இரண்டு சுற்று. யானையை நாற்பது விநாடியில் மடிப்பேன். குரங்குதான் கஷ்டம், ஹேங்கர் வேண்டும்.

கெப்போங் அண்ணன் கேட்டதற்கு: பில்லில் வாங்குகிற டிப்ஸ் நான் இருந்த கப்பலில் ஒரே பானைக்குள் போகும். அறைப் பையன், சாப்பாட்டு மேசை, சமையல்கட்டு, துணி வெளுப்பவர்கள் என்று பங்கு பிரிப்பார்கள். எங்கள் சம்பளமே பெரும்பாலும் அதுதான், அதனால் நீங்கள் எடுக்காமல் விட்டது நல்லது. மற்றக் கப்பல்களில் எப்படியோ. மலிவு விற்பனை நடந்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும், ஒரு அறையில் இரண்டு துண்டுக்குப் பதில் நாலு துண்டு.

கையில் கொடுப்பது அவனுக்கே. ஆனால் கப்பலில் வெள்ளி செல்லாது. பினாங்கில் கட்டும் நாளில் வேலை முறை ஒத்துவந்தால் இரண்டு மூன்று மணி நேரம் எங்களை வெளியே விடுவார்கள். நான் பட்டர்வொர்த் பையன், பெர்ரி ஏறினால் வீடு, ஆனால் நேரம் போதாது. அம்மாவைத் துறைமுகப் பக்கம் வரச் சொல்லிவிட்டு வாசலில் பார்ப்பேன். என்னோடு இருந்த இந்தோனேசியப் பையனும் பிலிப்பீன்ஸ் பையனும் நேராகப் போன் கடைக்கு ஓடுவார்கள், சிம் கார்டு வாங்கி ஊருக்குப் பேச. அதற்கு அந்தச் சிவப்பு நோட்டுதான். மிச்சம் இருந்தால் நாசி கண்டார் சோறு, மூன்று பேருக்கு ஒரு தட்டு.

கெப்போங் கணக்கன்

நன்றி தம்பி. சுபாங் சார், ஜெலுத்தோங் தம்பி, லங்காவி விமானக் கட்டணத்தை நீங்கள் தனியாகத் தீர்த்துக்கொள்ளுங்கள். டீச்சர், உங்கள் பதிவை மனைவியும் படித்தார், ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்விட்டார்.

பழைய கப்பல்காரர் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "சிம் கார்டு என்ன விலை?" என்று கேட்டார். பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் என்றேன். "அப்ப நாசி கண்டார்?"

அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, "இருபதா வெச்சிருக்கணும்டா" என்றார்.