மறுமொழி: 'கிரேஸ்ஃபுல் ஷட்டவுன்' – 'முடித்து நிறுத்தல்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். சர்வரை நிறுத்தும் ஒரு முறைக்கு ஆங்கிலத்தில் 'கிரேஸ்ஃபுல் ஷட்டவுன்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'முடித்து நிறுத்தல்' என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> கிரேஸ் என்றால் நயம். எனவே 'நயநிறுத்தம்' போதுமே?

சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் நயம் என்பது செய்யும் விதம். இங்கே நடப்பது வேறு: சர்வர் புதுக் கோரிக்கைகளை வாங்காமல், கையில் இருப்பதை முடித்துக் கொடுத்துவிட்டு நிற்கிறது. ரயில் முன்பதிவு கவுண்டரில் சாப்பாட்டு நேரம் நெருங்கினால் "இவரோட சரி, பக்கத்து கவுண்டருக்குப் போங்க" என்பார்கள். முன்னால் நிற்பவருக்கு டிக்கெட் அச்சாகி, சில்லறையும் கொடுத்த பிறகுதான் பலகை வைப்பார்கள். அந்த 'முடித்து'தான் இந்தச் சொல்லுக்கு உயிர்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. எங்கள் அலுவலகக் கையேட்டைத் தமிழில் எழுதியபோது இரண்டு வகை நிறுத்தத்தையும் வெறும் 'நிறுத்து' என்றே எழுதிவிட்டேன். எஞ்சின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வருக்கு க்விட் (QUIT) சிக்னல், அதாவது ஓடும் நிரலுக்குத் தரும் ஒரு சிறு கட்டளை, அனுப்பினால் வேலையை முடித்துவிட்டு நிற்கும்; டெர்ம் (TERM) சிக்னல் அனுப்பினால் உடனே நிற்கும். பைத்தான் செயலிகளை இயக்கும் குனிகார்ன் (Gunicorn) சர்வரில் இது அப்படியே தலைகீழ். கையேட்டில் வேறுபாடு இல்லாததால், எஞ்சின்எக்ஸ் பழக்கத்தில் ஒரு தம்பி குனிகார்னுக்கு க்விட் அனுப்பினார். கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தவர்களின் கோரிக்கைகள் பாதியில் அறுந்தன. பணம் போனதா இல்லையா என்று மாலை வரை ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்ல வேண்டியிருந்தது. தவறு தம்பியுடையது அல்ல, என் சொல்லுடையது.

அதனால் 'முடித்து நிறுத்தல்', 'உடன் நிறுத்தல்' என்று இரண்டாகப் பிரிக்கலாம். ஹப் (HUP) என்ற இன்னொரு சிக்னல் கொடுத்தால் குனிகார்ன் புது அமைப்புகளோடு புதிய வொர்க்கர்களை (கோரிக்கைகளைக் கவனிக்கும் துணை நிரல்களை) எழுப்பிவிட்டு, பழையவற்றை வேலை முடிந்ததும் அனுப்பிவிடும். கவுண்டர் மூடுவதே இல்லை. அதற்கு 'முடித்து மாற்றல்'.

> 30 நொடிக்குள் முடியாத கோரிக்கையை வெட்டித்தானே விடுகிறது? 'முடித்து' என்பது பொய்யாகாதா?

நல்ல கேள்வி, அக்கா. குனிகார்ன் இயல்பாக 30 நொடிதான் காத்திருக்கும், கூட்டியும் வைக்கலாம். அந்த வரம்புக்கு 'முடிப்புக் கெடு' என்று பெயர் வைத்துவிட்டால் பொய் இல்லாமல் போகும். கடன், வரி எல்லாவற்றுக்கும் கெடு என்றுதானே சொல்கிறோம்? கெடு தாண்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

வினையாகவும் எளிதாக வருகிறது: "சேவையை முடித்து நிறுத்தவும்." சேர்த்து எழுதினால் கண்ணை உறுத்துகிறது, பிரித்தே எழுதலாம். வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் கையேட்டில் ஏற்றிவிடுகிறேன்.