நாதஸ்வரக் கச்சேரி சிடியில் ட்ராக்குகளுக்கு நடுவே 2 விநாடி மௌனம், புது டிஸ்கில் கேலிபரேஷன் எரர்: உதவி தேவை

கேள்வி

வணக்கம் நண்பர்களே. பழைய கேசட்டில் இருந்த கோயில் திருவிழாக் கச்சேரி ஒன்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி ஆடியோ சிடியாக எழுதுகிறேன். ஆலாபனை, கீர்த்தனை, தவில் தனி என்று தனித்தனி ட்ராக்காக வெட்டியிருக்கிறேன். கீர்த்தனை முடிந்து தவில் எடுக்கிற இடத்தில் 2 விநாடி சத்தமே இல்லை. கம்ப்யூட்டரில் கேட்டால் இந்த இடைவெளி கிடையாது. வாசித்தவர்களுக்கே கொடுக்கப்போகிற சிடி, இப்படிக் கொடுக்க மனசு வரவில்லை.

இன்னொன்று: வேறு கம்பெனி சிடி-ஆர் வாங்கினேன். எழுதத் தொடங்கும் முன்பே 'பவர் கேலிபரேஷன் எரர்' என்று நின்றுவிடுகிறது. பழைய டிஸ்கில் சிக்கலே இல்லை. லேப்டாப் ரைட்டர்தான். ஃபர்ம்வேர் (ரைட்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்யலாமா?

பதில் 1

முதல் சிக்கல் எழுதும் முறையில் இருக்கிறது. நீங்கள் 'ட்ராக்-அட்-ஒன்ஸ்' முறையில் எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ஒவ்வொரு ட்ராக் முடிந்ததும் லேசர் அணைந்து மறுபடி எரியும், நடுவே 2 விநாடி இடைவெளி விழும். 'டிஸ்க்-அட்-ஒன்ஸ்' என்று மாற்றுங்கள். லேசர் நிற்காமல் முழு டிஸ்கையும் ஒரே மூச்சில் எழுதும். மென்பொருளில் ட்ராக் இடைவெளியையும் 0 என்று வையுங்கள்.

வெட்டும் இடத்தையும் கவனியுங்கள். ஆடியோ சிடியில் ஒரு விநாடிக்கு 75 செக்டார் (சின்னத் துண்டு), ஒரு செக்டாருக்கு 588 சாம்பிள் (ஒலி அளவீடு). அந்த எல்லையில் வெட்டாவிட்டால் கடைசி செக்டாரின் மிச்சத்தை மௌனம் நிரப்பும், 'டிக்' என்று கேட்கும். ஒரே வேவ் ஃபைலாக வைத்து, பிரிவுகளை க்யூ ஷீட்டில் (ஒவ்வொரு ட்ராக்கும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சின்ன டெக்ஸ்ட் ஃபைல்) குறித்தால் இந்தத் தலைவலி இல்லை. எம்பி3யிலிருந்து எழுதாதீர்கள். அதில் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் மௌனம் தானாகச் சேரும்.

பதில் 2

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். எழுதும் முன் ரைட்டர் லேசரின் சக்தியைச் சோதித்துச் சரிசெய்வதுதான் பவர் கேலிபரேஷன். சிடி-ஆரில் லேசர் ஓடும் பள்ளத்திலேயே தயாரிப்பாளர் குறியீடு இருக்கும், 97 நிமிடம் என்று தொடங்கும் ஒரு நேரத்தின் வடிவில். இம்க்பர்ன் என்ற சிடி எழுதும் மென்பொருளில் டிஸ்க் தகவலில் பார்க்கலாம். ரைட்டர் அதைப் படித்து, எவ்வளவு சக்தியில், எந்தத் துடிப்பில் எழுதுவது என்று ஃபர்ம்வேரில் உள்ள பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கும். குறியீடு பட்டியலில் இல்லையென்றால் பொதுவான ஒரு அமைப்பில் எழுதும். அது எல்லா டிஸ்குக்கும் ஒத்துவராது. புது ஃபர்ம்வேரில் பட்டியல் பெரும்பாலும் நீண்டிருக்கும்.

ஆனால் உடனே அதில் இறங்க வேண்டாம். முதலில் 16x அல்லது 24x வேகத்தில் எழுதிப் பாருங்கள். வேகத்தை அடியோடு குறைப்பது எல்லா டிஸ்குக்கும் நல்லதல்ல. லென்ஸில் தூசி இருந்தாலும் இதே எரர் வரும்.

அப்புறமும் வந்தால் அப்டேட் செய்யுங்கள். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று இருப்பதை மட்டும் எடுங்கள். ஒரே ரைட்டர்தானே என்று வேறு கம்பெனி ஃபர்ம்வேரைப் போட்டுப் பழுதாக்கியவர்கள் நிறைய. டிஸ்கை வெளியே எடுத்து, சார்ஜரைச் செருகி, மற்ற மென்பொருளை மூடிவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் கரண்ட் போனால் ரைட்டர் போனதுதான்.

கேட்டவர்

மிக்க நன்றி. க்யூ ஷீட் போட்டு பழைய டிஸ்கில் எழுதினேன். கீர்த்தனையின் கடைசி ஸ்வரம் அடங்கும் முன் தவில் விழுகிறது, அப்படியே வந்திருக்கிறது! வேகம் குறைத்தும் புது டிஸ்கில் எரர் போகவில்லை. ஃபர்ம்வேர் அப்டேட் செய்த பிறகு எழுதுகிறது. எரர் வந்த டிஸ்குகளைத் தூக்கிப் போடவா?

பதில் 2

வேண்டாம் சார். கேலிபரேஷன் சோதனைக்கென்று உள்விளிம்பில் தனி இடம் உண்டு, சுமார் 100 முறை தாங்கும். பாட்டு எழுதும் பகுதியில் இன்னும் லேசர் படவில்லை. அதே டிஸ்கில் மறுபடி எழுதுங்கள்.