ஸ்பான்சர் குழந்தைங்க போட்டோ: எது யாரோடதுன்னு குழம்பாம எப்படி மேனேஜ் பண்றது?

மழைக்குருவி:
எல்லாருக்கும் வணக்கம். குழந்தைங்க படிப்புக்கு ஸ்பான்சர் புடிச்சு குடுக்கற ஒரு சின்ன டிரஸ்ட்ல வாலண்டியரா இருக்கேன். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா குழந்தைங்களையும் போட்டோ எடுத்து அவங்கவங்க ஸ்பான்சருக்கு லெட்டரோட அனுப்பணும், இந்த வருஷம் அந்த வேலை என் தலையில வந்து விழுந்திருக்கு. கிட்டத்தட்ட 300 குழந்தைங்க, வேற வேற சென்டர்ல. முன்னாடி பாத்துட்டு இருந்தவங்க விட்டுட்டு போன ஹார்ட் டிஸ்க்க தொறந்தா தலை சுத்துது, நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் 2, ஃபைனல், ஃபைனல் ஒரிஜினல்னு கெடக்கு, உள்ள பூரா கேமரா தானா போட்ட நம்பர் மட்டும் தான், யாரு என்னன்னு ஒரு குறிப்பு இல்ல. இதுல ஒரு ஸ்பான்சர் வேற, போன வருஷம் அனுப்புன பொண்ணும் இப்ப அனுப்புன பொண்ணும் ஒரே பொண்ணு தானான்னு மெயில் போட்டிருக்காரு. ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சு பெருசு பண்ணி பாத்தா காது மடலே வேற மாதிரி இருக்கு 🙁

என்கிட்ட இருக்கறது போன் மட்டும் தான், கேமரா வாங்கியே ஆகணுமா? எடுத்த உடனே இது இந்த குழந்தைன்னு எப்படி குறிச்சு வெக்கறது? யாராவது இந்த வேலை செஞ்சிருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

ஷட்டர்சத்தம்:
கேமரா எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சிஸ்டர், உங்க பிரச்சனை படம் எடுக்கறதுல இல்ல, நம்பர்ல. ஒவ்வொரு குழந்தைக்கும் டிரஸ்ட்ல ஒரு கேஸ் நம்பர் இருக்கும்ல, அத ஒரு அட்டையில பெருசா எழுதி குழந்தைய நெஞ்சுக்கு நேரா புடிச்சுக்க சொல்லி மொத படம் எடுங்க, அப்புறம் அட்டைய வாங்கிட்டு நாலஞ்சு நல்ல படம். அடுத்த குழந்தை வந்தா மறுபடி அட்டையில இருந்து ஆரம்பிங்க. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பாக்கும்போது ஒரு அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் நடுவுல இருக்கறது எல்லாம் ஒரே குழந்தை, யோசிக்கவே வேணாம். பேர நம்பாதீங்க, ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்க, ஒரே பேர நாலு விதமா எழுதி வெச்சிருப்பாங்க, அக்கா தங்கச்சி ஒரே ஜாடையில வேற இருப்பாங்க.

பேர் மாத்தும்போது நம்பர், வருஷம், எத்தனாவது படம், இந்த வரிசையில போடுங்க, அதாவது 0147_2025_01 மாதிரி. முன்னாடி சைபர் போடாம வெறும் 147னு வெச்சா நெறைய சாஃப்ட்வேர்ல 1000 மேல போயி உக்காந்துக்கும், 147 கீழ கெடக்கும். ரெண்டு பேர் எடுக்கறீங்கன்னா ரெண்டு பேர் மெஷின்லயும் தேதி நேரம் ஒண்ணா இருக்கான்னு காலைலயே பாத்துடுங்க, இல்லன்னா ஒண்ணா சேக்கும்போது அட்டை ஒரு பக்கம் குழந்தை ஒரு பக்கம்னு போயிடும். கையில லிஸ்ட் பிரிண்ட் எடுத்து வெச்சு வந்தவங்களுக்கு டிக், வராதவங்களுக்கு சுழி. மொத வேலையா இது.

நிழலில்_நிற்பவள்:
நான் பல வருஷமா குழந்தைங்கள எடுத்துட்டு இருக்கேன், போனே தாராளமா போதும். 4க்கு 6 இன்ச் பிரிண்ட்டுக்கு 300 டிபிஐல (அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) 1200க்கு 1800 பிக்சல் இருந்தா சரி, இப்ப இருக்கற எந்த போனும் அதுக்கு மேலயே தரும். ஆனா ஒண்ணு, போன் படம் வழக்கமா 4:3, அந்த பிரிண்ட் 3:2, அதனால கடையில பிரிண்ட் போடும்போது ஓரம் வெட்டுப்படும், போன படுக்க வெச்சு எடுத்தா தலைக்கு மேல கொஞ்சம் எடம் விட்டு எடுங்க இல்லன்னா முடி போயிடும், நிமித்தி எடுத்தா ரெண்டு பக்கமும் எடம் விடுங்க.

வெயில்ல நிக்க வெக்காதீங்க, கண்ண சுருக்கிட்டு தான் நிக்கும். மர நிழலோ வராந்தா ஓரமோ, வெளிச்சம் மொகத்துக்கு எதிர்ல இருந்து வரணும். வெள்ளை சுவத்துக்கு முன்னாடி நம்ம மாதிரி கருத்த மொகத்த நிறுத்துனா கேமரா சுவத்த பாத்து மொத்தத்தையும் இருட்டாக்கிடும், ஸ்கிரீன்ல மொகத்த தொட்டு வெளிச்சத்த கொஞ்சம் ஏத்திக்கோங்க. அதுக்குன்னு ப்யூட்டி மோட் போட்டு வெளுப்பாக்கிடாதீங்க, கேவலம் அது. கிட்ட போயி எடுத்தா மூக்கு பெருசா தெரியும், ரெண்டு எட்டு பின்னாடி போயி கொஞ்சம் ஜூம் பண்ணுங்க, அப்புறம் முட்டி போட்டு குழந்தை கண்ணு உயரத்துக்கு வாங்க. மேல இருந்து எடுத்தா அந்த குழந்தை எப்பவும் பாவமா தெரியும். சில டிரஸ்ட்காரங்க அப்படி தான் வேணும்னே கேப்பாங்க, கிழிஞ்ச சட்டைய போட்டு நில்லுன்னு சொன்னத என் காதால கேட்டிருக்கேன். அந்த படத்த பெரியவளானதும் அவளே பாப்பாள்ல? சிரி சிரின்னு வற்புறுத்தவும் வேணாம். எடுத்த அஞ்சையும் குழந்தைகிட்ட காட்டி எது அனுப்பலாம்னு கேளுங்க, அடுத்த படத்துக்கு தானா மொகம் தெளியும்.

போன வருஷ படத்தையும் போன்ல வெச்சுக்கிட்டு போங்க, அட்டைய புடிச்சு நிக்கறப்பவே ஒப்பிட்டு பாத்துடலாம்.

பூட்டுசாவி:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா யாரும் தொடாத விஷயம் ஒண்ணு இருக்கு. போன்ல லொகேஷன் ஆன்ல இருந்தா ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எடுத்த எடம் அட்சரேகை தீர்க்கரேகையோட பதிஞ்சிடும், படத்த வாங்கறவர் அத மேப்ல போட்டா அந்த குழந்தை இருக்கற எடம் வாசல் வரைக்கும் தெரியும். கேமரா செட்டிங்ல அத ஆஃப் பண்ணிட்டு தான் ஆரம்பிக்கணும். ஏற்கனவே எடுத்ததுக்கு எக்ஸிஃப்டூல்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஃபோல்டர் மொத்தத்துலயும் ஒரே அடியா தொடச்சிடும். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா அந்த தகவல் போயிடும் தான், ஆனா தரமும் போயிடும், தரம் வேணும்னு டாகுமெண்ட்டா அனுப்புனா லொகேஷனும் சேந்தே போகும். யூனிஃபார்ம் பேட்ஜ், பின்னாடி ஸ்கூல் போர்டு, இதெல்லாமும் அதே கணக்கு தான். ஃபைல் பேர்ல குழந்தை பேர் வேணவே வேணாம், நம்பர் மட்டும் இருக்கட்டும், பேரும் நம்பரும் சேந்து இருக்கற லிஸ்ட் ஆஃபீஸ்ல பாஸ்வேர்ட் போட்டு தனியா இருக்கட்டும்.

சம்மதம் வாங்கும்போது ஒரே கையெழுத்துல எல்லாத்தையும் அடக்காதீங்க. ஸ்பான்சருக்கு லெட்டர்ல அனுப்பறது ஒண்ணு, வெப்சைட்ல போடறது ஒண்ணு, நோட்டீஸ்ல அடிக்கறது ஒண்ணு, மூணுக்கும் தனித்தனி கட்டம். அப்பா அம்மா சரின்னாலும் குழந்தை வேணாம்னா எடுக்கக்கூடாது, 1989ல ஐநா கொண்டு வந்த குழந்தை உரிமை உடன்படிக்கையில 16வது பிரிவே குழந்தையோட அந்தரங்கத்துக்கு தான். நாளைக்கு எங்க படத்த எடுத்துடுங்கன்னு வந்து நின்னா எல்லா காப்பியும் எங்க இருக்குன்னு உங்களுக்கு தெரியணும். வாலண்டியர்ங்க சொந்த போன்ல எடுத்தா அவங்க கிளவுட் அக்கவுண்ட்டுக்கு தானா போயிடும், அத யாரு போயி அழிக்கறது? அதனால டிரஸ்ட்டுக்குன்னு ஒரு போன் வெச்சுக்கறது தான் நல்லது.

மழைக்குருவி:
அய்யோ லொகேஷன் விஷயம் நெனச்சே பாக்கல, ரொம்ப நன்றி. அந்த பழைய ஹார்ட் டிஸ்க்க என்ன பண்றது? மொகத்த வெச்சு பிரிக்கற ஆப் எல்லாம் இருக்காமே, அதுல ஏத்திடலாமா?

பூட்டுசாவி:
ஆன்லைன்ல எங்கயும் ஏத்தாதீங்க. டிஜிகேம்னு இலவசமா ஒண்ணு இருக்கு, உங்க கம்ப்யூட்டர்லயே மொகத்த பிரிச்சு காட்டும், வெளிய எதுவும் போகாது. ஆனா குழந்தைங்க மொகம் வருஷத்துக்கு வருஷம் மாறுது, கூடப்பொறந்தவங்கள ஒண்ணா சேத்துடும், அதனால அது சொல்றத அப்படியே எடுக்காம சென்டர்ல இருக்கற டீச்சர பக்கத்துல உக்கார வெச்சு பாருங்க, அவங்களுக்கு தெரியாத மொகம் இருக்காது. அவங்களாலயும் சொல்ல முடியலன்னா தெரியலைனு ஒரு ஃபோல்டர் போட்டு அதுல தள்ளுங்க, குத்துமதிப்பா மட்டும் பேர் வெக்காதீங்க, அந்த ஸ்பான்சர் மெயில் அப்படி தான் வந்திருக்கும்.

ஷட்டர்சத்தம்:
அதோட பிரிக்கறதுக்கு முன்னாடி அந்த டிஸ்க்க அப்படியே இன்னொரு டிஸ்க்ல காப்பி போடுங்க. புதுசா எடுக்கறதும் அதே மாதிரி, ரெண்டு எடத்துல காப்பி ஆகி தொறந்து பாத்த அப்புறம் தான் போன்ல அழிக்கணும், ஒரு காப்பி வேற கட்டடத்துல இருக்கட்டும். ஒரிஜினல்ல கை வெக்காதீங்க, போன் படம் வழக்கமா சேவ் ஆகற ஜேபெக் ஃபைல திருத்தி சேவ் பண்ண பண்ண தரம் கொஞ்சம் கொஞ்சமா கொறையும், காப்பியில திருத்துங்க.

மழைக்குருவி:
சரிங்கண்ணா. கடைசியா ஒண்ணு, அந்த அட்டைய பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணிடலாமா, எல்லா வருஷமும் ஆகும்ல?

நிழலில்_நிற்பவள்:
லேமினேட் வேணாம்மா, வெளிச்சம் பட்டு பளபளன்னு அடிச்சு நம்பரே தெரியாம போயிடும். வெள்ளை அட்டையில தடிமனான கறுப்பு மார்க்கர்ல எழுதுங்க, 6க்கும் 9க்கும் அடியில கோடு போட மறந்துடாதீங்க, சின்னதுங்க தலைகீழா தான் புடிக்கும் 😄