ஆதிஷியில் பாட்டி தட்டி எழுப்பிய விடியல்

திட்டமில்லாமல் தனியாகப் போன பயணங்களைப் பற்றி இங்கே நேபாளம், வியட்நாம் என்று எல்லாரும் எழுதிவிட்டீர்கள். என்னுடையது ஜார்ஜியா. அமெரிக்க மாநிலம் இல்லை, காகசஸ் மலை நாடு. அங்கே ஸ்வானேத்தி என்ற மலைப் பகுதியில், மெஸ்தியா என்ற ஊரிலிருந்து உஷ்குலி என்ற ஊர் வரை தனியாக நடந்தேன். கிட்டத்தட்ட 55 கிலோமீட்டர், பெரும்பாலும் 4 நாளில் முடிப்பார்கள். திரும்பும் டிக்கெட்டைத் தவிர நான் எதையும் பதிவு செய்துகொண்டு போகவில்லை.

அப்படிப் போக அது தோதான பாதை. ஜாபேஷி, ஆதிஷி, இப்ராரி என்று ஒரு நாள் நடைக்கு ஓர் ஊர் வந்துவிடும். வீட்டுக்காரர்களே அறை கொடுத்து இரண்டு வேளைச் சாப்பாடும் போடுகிறார்கள். கூடாரம் சுமக்க வேண்டாம். பணத்தை மட்டும் மெஸ்தியாவிலேயே எடுத்துவிடுங்கள், மேலே கார்டு செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் யாராவது ஒரு நாய் வேறு கூடவே வரும், நாம் கூப்பிடாமலே.

ஆதிஷியில் தங்கிய வீட்டில் ஒரு பாட்டி. எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அவர் குப்தாரி கொண்டுவந்து வைத்தார், உள்ளே இறைச்சி வைத்துச் சுடும் ரொட்டி. வேண்டாம் என்று கையை ஆட்டியதும் முகம் சுண்டிவிட்டது. உள்ளே போனவர் உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்து மசித்த தஷ்மிஜாபியோடு வந்தார். கரண்டியைத் தூக்கினால் இழை இழையாகக் கூடவே வருகிறது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு என் மோதிர விரலைத் தொட்டு, புருவத்தைத் தூக்கி ஒரு கேள்வி. நம்மூர்ப் பாட்டிகளிடமிருந்து தப்பி இவ்வளவு தூரம் வந்தால் இங்கேயுமா!

மறுநாள் மெதுவாகக் கிளம்பலாம் என்றுதான் இருந்தேன். வெளிச்சம் வருவதற்குள் கதவை இடித்தார். கையால் ஆறு ஓடுவதைக் காட்டி, அந்தக் கையை மார்பு வரை உயர்த்தினார்.

விஷயம் இதுதான். ஆதிஷிக்கு மேலே பனியாறு. வெயில் ஏற ஏற உருகி, பிற்பகலில் கீழே ஆறு பொங்கும். காலையில் தண்ணீர் குறைவு. அந்த நேரத்தில் குதிரைக்காரர்கள் கரையில் நின்று ஆட்களை ஏற்றிவிடுகிறார்கள். சவாரி ஓரிரு நிமிடம்தான், கூலி ரொக்கம். எனக்கு முன்னால் ஒருவர் காசை மிச்சம் பிடிக்க பூட்ஸைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். முழங்கால் ஆழத்திலேயே கத்திக்கொண்டு திரும்பினார், அத்தனை குளிர். குதிரைக்காரர் சிரிக்கக்கூட இல்லை, தினமும் பார்க்கிறவர் போல. திட்டமே வேண்டாம் என்பவர்களும் இந்த ஓர் இடத்தில் கடிகாரம் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

ஆற்றைத் தாண்டினால் சுகுந்தேரி கணவாய், 2,600 மீட்டருக்கு மேல். மூச்சு வாங்கும், ஆனால் பனியாறு முழுசாக எதிரே தெரியும். உஷ்குலியின் கல் கோபுரங்களைப் பற்றிப் படங்களே பேசும். யுனெஸ்கோ 1996-இல் பட்டியலில் சேர்த்த இடம், பின்னால் 5,193 மீட்டர் ஷ்காரா சிகரம். அங்கிருந்து மெஸ்தியா திரும்ப வேன் இருக்கிறது, ஆள் நிரம்பினால்தான் புறப்படும்.

ஜூன் தொடக்கத்தில் யாராவது போயிருக்கிறீர்களா? கணவாயில் பனி எவ்வளவு கிடந்தது, குதிரைகள் வர ஆரம்பித்திருந்தனவா? தங்கை கேட்கிறாள்.