பரிசாக வந்த கிரைண்டர்: பில் இல்லாமல் மோட்டாருக்கு உத்தரவாதம் கிடைக்குமா?

திருப்பூரில் நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில், 2025 தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றிக்கொண்டதில், எனக்கு 2 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்று வந்தது. ஆயிரம் ரூபாய்க்குள் என்று பேசியிருந்த இடத்தில் இவ்வளவு பெரிய பொருளா என்ற மகிழ்ச்சி, பெட்டியின் அடியில் ‘புதுமனை புகுவிழா 2022’ என்று எழுதிய, மஞ்சள் தடவிய மொய் உறை அகப்படும் வரைதான் இருந்தது.

உளுந்து தடையின்றி அரைபடுகிறது. அரிசி போட்டால் பத்தாவது நிமிடத்தில் பாத்திரம் நின்று, மோட்டார் மட்டும் உறுமி, ரப்பர் கருகும் வாடை வருகிறது. அரிசியைப் பாதியாகக் குறைத்தும், பெல்ட்டை மாற்றியும் பலனில்லை. மெக்கானிக் கெப்பாசிட்டரையும் மாற்றிப் பார்த்துவிட்டு, மோட்டார்தான் போய்விட்டது என்கிறார். மோட்டாருக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தும், கோவையில் உள்ள தயாரிப்பாளர் பில் இல்லாமல் தொடமாட்டோம் என்கிறார். கொடுத்தவர் என் மேற்பார்வையாளர். அவருக்கே சீராக வந்த பொருளுக்கு அவரிடம் பில் இருக்கவும் வழியில்லை.

மோட்டாரின் மீது சீரியல் எண்ணும் தயாரிப்பு மாதமும் தெளிவாக உள்ளன. இவற்றை மட்டும் காட்டி உத்தரவாதத்தில் மோட்டார் மாற்றிப் பெற்றவர்கள், அதை எப்படிச் சாதித்தீர்கள் என்று சொல்ல முடியுமா?