டேஷ்கேம் ஒயரை ஏர்பேக்குக்கு இடையூறில்லாமல் உள்ளே கொண்டுபோவது எப்படி?

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்காக நாள்தோறும் காரில் போய்வருகிறேன். போன மாதம் தவளக்குப்பத்தைத் தாண்டியதும் ஓர் இருசக்கர வாகனம் குறுக்கே திரும்பி என் பம்பரில் உரசியது. பிழை யாருடையது என்று நடுச்சாலையில் அரை மணி நேரம் வாதாடிய பிறகுதான் முன்பக்கக் கேமரா ஒன்றை வாங்கினேன். கேமராவில் குறையில்லை, ஒயர்தான் தொல்லை. முன்கண்ணாடியின் நடுவிலிருந்து டேஷ்போர்டின் மேல் தொங்கி, கியர் லீவரைச் சுற்றிக்கொண்டு சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கு வருகிறது. மூன்றாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றும்போது கை அதில் மாட்டி, ஒரு முறை பிளக் கையோடு வந்துவிட்டது.

கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் கேட்டேன். ஏ பில்லருக்குள் (முன்கண்ணாடியின் பக்கத்துத் தூண்) ஒயரை விட்டு, உள்விளக்கின் ஒயரைச் சீவி, அதோடு முறுக்கி டேப் சுற்றிக் கொடுப்பதாகவும் இருபது நிமிட வேலைதான் என்றும் சொன்னார்கள். என் கார் பெட்ரோல் ஹேட்ச்பேக்; உயர்வகை மாடல் என்பதால் முன்னிரண்டோடு பக்கவாட்டுத் திரை ஏர்பேக்குகளும் உண்டு. பில்லர் மூடியில் ஏர்பேக் என்று பொறித்திருப்பதைப் பார்த்ததும் இருபது நிமிடத்தில் முடிகிற வேலையா இது என்ற ஐயம் எழுந்து, திரும்பி வந்துவிட்டேன்.

என் கேள்விகள் இரண்டு. ஏர்பேக் விரிவதற்குத் தடையாகாமல் ஒயரைப் பில்லருக்குள் எந்தப் பக்கமாகக் கொண்டுபோக வேண்டும்? கார் நிற்கும்போதும் பதிவாக வேண்டுமானால் மின்சாரத்தை எங்கிருந்து எடுக்க வேண்டும்? பகலெல்லாம் கார் மிஷன் வீதிக்கு அருகே தெருவோரத்தில் நிற்கிறது. கதவில் இரண்டு முறை யாரோ கோடு கிழித்துவிட்டார்கள். பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவுடையது.

லாஸ்பேட்டை வாசி எழுதியது:

நண்பரே, திரும்பி வந்ததே நல்லது. திரை ஏர்பேக் என்பது கூரையின் ஓரமாக, முன் பில்லரிலிருந்து பின்னிருக்கை வரை, நீளவாக்கில் சுருட்டி வைத்திருக்கும் பை. பக்கவாட்டில் மோதல் நேர்ந்தால் அது கண் இமைப்பதற்குள் மூடியின் விளிம்பை நெட்டித் தள்ளிக்கொண்டு கீழே விரியும். ஒயர் அந்தப் பைக்கும் மூடிக்கும் நடுவே கிடந்தால் பை கோணலாக விரியலாம், அல்லது ஒயரையும் கேமராவையும் சேர்த்து உட்கார்ந்திருப்பவரின் முகத்தை நோக்கி வீசலாம். ஆகவே ஒயர் பைக்குப் பின்னால், காரின் இரும்புச் சட்டத்தை ஒட்டி, அங்கே ஏற்கெனவே இறங்கும் ஒயர்க்கற்றையோடு சேர்ந்தே போக வேண்டும். பிளாஸ்டிக் டேக்கால் (ஒயர் கட்டும் பட்டை) கட்டுவதானால் அந்தக் கற்றையில்தான் கட்ட வேண்டும். பையின் மீதோ, பையைப் பிடித்திருக்கும் கிளிப்பின் மீதோ எதையும் கட்டக் கூடாது.

நான் என் காரில் இதைச் செய்தபோது முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன். சோம்பல் அன்று. ஏர்பேக் அமைப்பு சிறிது நேரத்துக்கு மின்சாரத்தைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கும் என்பதால், சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே பில்லரில் கை வைக்க வேண்டும். பிறகு கதவோரத்து ரப்பர் பீடிங்கை மேலிருந்து பாதிவரை உரித்துவிட்டு, மூடியின் மேல்முனையை விரலால் நெம்பினேன். முதல் கிளிப் விட்டது. இரண்டாவது விடாமல் மூடி ஒரு சாண் தூரத்தில் தொங்கி நின்றது. அது குறையல்ல. ஏர்பேக் விரியும்போது மூடி பறந்து வந்து தாக்காமலிருக்கப் பல கார்களில் ஒரு பிடிப்பட்டையை வைத்திருக்கிறார்கள், அதை வெட்டிவிடாதீர்கள். சில மாடல்களில் அந்தக் கிளிப்பை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்த முடியாது என்பதால், முன்கூட்டியே உதிரி கிளிப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே மஞ்சள் நிறக் கனெக்டரைக் கண்டால் அது ஏர்பேக்குக்கு உரியது, தொட வேண்டாம்.

கேமராவைப் பின்பார்வைக் கண்ணாடியின் இடப்பக்கத்தில், ஓட்டுநரின் பார்வையை மறைக்காமல், வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் ஒட்டுங்கள்; மழைக்காலத்தில் அதன் அருமை தெரியும். அங்கிருந்து ஒயரைக் கண்ணாடிக்கும் கூரைத் துணிக்கும் இடையிலுள்ள இடுக்கில் செருகிக்கொண்டே வலப்பக்கம் வர வேண்டும். ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் துணி கிழியும், காலாவதியான ஏ.டி.எம். அட்டை ஒன்றே போதுமானது. பெரும்பாலான சிறிய கார்களில் ஃபியூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே, வலப்பக்கத்தில் இருப்பதால் வலது பில்லர் வழியாக இறக்குவதே குறுக்குவழி. ஆனால் கீழே மிஞ்சும் ஒயரைச் சுருட்டி அப்படியே விட்டுவிட்டால் அது என்றாவது ஒருநாள் அவிழ்ந்து பிரேக் பெடல் மீது தொங்கும். பக்கவாட்டு மூடிக்குப் பின்னால் தட்டையாக மடித்து, இரண்டு இடத்தில் கட்டிவிடுங்கள்.

வில்லியனூர் எலக்ட்ரீஷியன் எழுதியது:

தம்பி, மேலே நண்பர் ஒயர் போகும் வழியைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் மின்சாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்களிடம் வரும் கேமராக் கோளாறுகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

உள்விளக்கு ஒயரைச் சீவி முறுக்க விடாதீர்கள். அந்தச் சுற்றுக்கு 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருப்பார்கள்; கேமராவின் ஒயரோ நூல் போன்றது. எங்காவது நசுங்கி ஷார்ட் ஆனால், பெரிய ஃபியூஸ் போவதற்கு முன்பே மெல்லிய ஒயர் கூரைத் துணிக்குள் உருகத் தொடங்கிவிடும். அதற்குப் பதிலாக 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றித் தரும் ஹார்டுவயர் கிட் ஒன்றையும், ஃபியூஸ் டேப் இரண்டையும் வாங்குங்கள். இந்த டேப் ஒட்டுகிற டேப் அன்று. பழைய ஃபியூஸ் இருந்த இடத்திலேயே செருகி, பழைய ஃபியூஸையும் புதிய ஃபியூஸ் ஒன்றையும் அதன்மேல் பொருத்தும் தாங்கி. கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் போதும். நாளை காரை விற்கும்போது பிடுங்கி எடுத்துவிட்டால் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும்.

கிட்டில் மூன்று முனைகள் இருக்கும்: ஒன்று எப்போதும் மின்சாரம் உள்ள ஃபியூஸுக்கு, ஒன்று சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு, மற்றொன்று எர்த்துக்கு, அதாவது காரின் இரும்புச் சட்டத்துக்கு. நிறத்தை நம்பாமல் பெட்டியிலுள்ள தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏர்பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்பு ஆகியவற்றின் ஃபியூஸ்களை விட்டுவிட்டு, சாக்கெட், உள்விளக்கு போன்றவற்றின் ஃபியூஸைத் தேர்ந்தெடுங்கள். சாவியை எடுத்த பிறகும் சில சுற்றுகளில் பத்து நிமிடம் வரை மின்சாரம் இருக்கும் என்பதால், காரைப் பூட்டிக் காத்திருந்து மல்டிமீட்டரால் மறுபடியும் பாருங்கள்.

டேபை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் கேமரா ஓடும். பலரும் ஏமாறுவது அதனால்தான். மின்சாரம் வந்து சேரும் காலிலிருந்து இரண்டு ஃபியூஸ்களும் தனித்தனியே பிரிய வேண்டும். திருப்பிச் செருகியிருந்தால் கேமராவின் சுமையும் பழைய ஃபியூஸின் மேலேயே விழும். செருகிய பின் பழைய ஃபியூஸை மட்டும் கழற்றிப் பாருங்கள்: கேமரா நிற்காமல் ஓடினால் சரியாகச் செருகியிருக்கிறீர்கள், நின்றுபோனால் திருப்பிப் போடுங்கள்.

இனி எர்த். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்து புதுச்சேரி தண்ணீரில் நின்றதே, அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு கார் வந்தது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் கேமரா அணைந்து மறுபடி எழுகிறது என்று, உரிமையாளர் அதற்குள் கேமராவை இரண்டு முறை மாற்றியிருந்தார். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், எர்த் வளையம் பெயின்ட் பூசிய போல்ட்டில் பெயருக்கு மாட்டியிருந்தது; வளையத்துக்கு அடியில் துரு, செம்பு இழைகள் பச்சையாகப் பூத்திருந்தன. வெள்ளம் அந்த உயரத்துக்கு ஏறி வடிந்திருக்கிறது. உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, புது வளையத்தைக் கிரிம்ப் செய்து இறுக்கி, மேலே வாசலின் தடவினேன்; அதன் பிறகு அந்தக் கார் கேமராவுக்காகத் திரும்பி வரவில்லை. கடற்கரை ஊரில் இருக்கும் நமக்கு, வெள்ளமே வராவிட்டாலும் இந்த வாசலின் வேலை அவசியம். எர்த் போல்ட்டை இயன்றவரை உயரத்தில் தேர்ந்தெடுங்கள். ஏர்பேக்குக்கு உரிய எர்த்தில் மட்டும் சேர்க்காதீர்கள்.

நிற்கும்போது பதிவு செய்வது பற்றி என் கருத்து சற்று வேறு. கேமரா ஏறக்குறைய 0.3 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், பத்து மணி நேர அலுவலகத்துக்கு 3 ஆம்பியர்-மணிதான் செலவாகும். திரும்பி ஓட்டும்போது அது நிறைந்துவிடும். ஆனால் வெள்ளி இரவு நிறுத்தியதைத் திங்கள் இரவுதான் எடுப்பீர்கள் என்றால் 72 மணி நேரத்தில் 21 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். உங்கள் பேட்டரியில் அது பாதிக்கும் அதிகம். கிட்டில் மின்னழுத்தம் குறைந்தால் துண்டிக்கும் அமைப்பு இருக்கும். அதை 11.6 வோல்ட்டில் வைத்தால் அதற்குள் பேட்டரி காலியாகிவிட்டிருக்கும், 12.2 வோல்ட்டில் வையுங்கள். வீட்டில் கொட்டகைக்குள் நிறுத்துகிறவராக இருந்தால் இரவில் அந்த முறையையே அணைத்துவிடுங்கள்.

முதுநகர் வாசகர் எழுதியது:

இரண்டு சிறு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். பகலில் தெருவோரத்தில் நிற்கும் கார் என்றீர்கள். கேமராவுக்குள் இருப்பது லித்தியம் பேட்டரியா, கெப்பாசிட்டரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் கேமரா லித்தியம் வகை. அக்கினி நட்சத்திரத்தின்போது ஒரு மதியம் கதவைத் திறந்தால், பின்மூடி உப்பிப் பிளந்து, ஒட்டுப்பசை இளகி, கேமரா டேஷ்போர்டில் மல்லாந்து கிடந்தது. வெயிலில் நிற்கும் வண்டிக்குக் கெப்பாசிட்டர் வகையே ஏற்றது.

மற்றொன்று, ஒயரை உள்ளே மறைத்த பிறகு புதுச்சேரி வானொலியின் பண்பலையில் ஓயாத இரைச்சல் கேட்டது. சில கார்களில் ஆன்டெனா ஒயரும் ஏ பில்லர் வழியாகவே இறங்குகிறது. என்னுடையதில் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கேமரா ஒயரை எதிர்ப்பக்கப் பில்லருக்கு மாற்றி, கேமராவின் அருகே இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றை ஒயரில் மாட்டிய பிறகு இரைச்சல் நின்றது. மூடியைப் பொருத்துவதற்கு முன்பே ரேடியோவைப் போட்டுப் பார்த்துவிட்டால் இரட்டை வேலை மிச்சம்.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கி, பகல் ஒன்றரைக்கு முடித்தேன். ஒயர் பைக்குப் பின்னால், கற்றையோடு சேர்ந்து, வலது பில்லரில் இறங்குகிறது. ஐயா சொன்னபடி பழைய ஃபியூஸைக் கழற்றிப் பார்த்ததில் கேமரா நின்றுவிட்டது; டேபைத் திருப்பிப் போட்டபின் ஓடுகிறது. அந்தச் சோதனையைச் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. துண்டிப்பு 12.2 வோல்ட்டில் இருக்கிறது, வானொலியும் தெளிவாகக் கேட்கிறது.

பிடிப்பட்டையின் கிளிப் ஒன்று உடைந்து, புதியது போட்டேன். இப்போது கெடிலம் பாலத்தின் இணைப்புகளில் ஏறும்போது மட்டும் வலது பில்லருக்குள் ‘டக் டக்’ என்று ஓர் ஒலி கேட்கிறது. கிளிப் சரியாக உட்காரவில்லையா, ஒயர் தட்டுகிறதா?

வில்லியனூர் எலக்ட்ரீஷியன் எழுதியது:

மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அதே பாலத்தில் ஓட்டிப் பாருங்கள். அழுத்தும்போது ஒலி நின்றால் கிளிப் முழுதாக உட்காரவில்லை. ஏர்பேக் மூடி என்பதால் அதை அப்படியே விட வேண்டாம், கழற்றி மீண்டும் பொருத்துங்கள். நிற்காவிட்டால் ஒயர் இரும்பில் தட்டுகிறது. பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, தட்டும் இடத்தில் ஒயர்மீது துணி டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினால் அடங்கிவிடும். பிளாஸ்டிக் டேப் சுற்ற வேண்டாம், வெயிலில் பசை வழிந்து ஒழுகும்.