புதுப்பிப்பு: வட்டு இருந்தால் ஆட்டம் நம்முடையதா?

வீடியோ கேம்களை வட்டில் (டிஸ்க்கில்) வாங்குவதைப் பற்றி, "வட்டு கையில் இருக்கும்வரை ஆட்டம் என்னுடையது" என்று போன வாரம் இங்கே அடித்துச் சொல்லியிருந்தேன். பாதியைத் திரும்பப் பெறுகிறேன். நேற்று இணையத்தைத் துண்டித்துவிட்டு நான்கு வட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். மூன்று ஓடின. நான்காவது, மீதியைப் பதிவிறக்கச் சொல்லி நின்றுவிட்டது. உறையின் பின்புறம் பொடி எழுத்தில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை.

எந்த வீடியோ கேம் கருவி மேல், எக்ஸ்பாக்ஸா பிளேஸ்டேஷனா என்று அந்தப் பதிவின் கீழே மோதிக்கொண்டவர்களுக்கு: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020இலேயே வட்டு இயக்கி (வட்டைப் போட்டுப் படிக்கும் பாகம்) இல்லாமல் வந்தது. 2024இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவுக்கு அதைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். முதல்முறை இணைக்க இணையமும் வேண்டும். இதில் யார் யாரைக் கேலி செய்வது?

ஆனாலும் அந்த மூன்று வட்டுகளை இரவல் கொடுக்கலாம், விற்கலாம். அடுத்த கருவியையும் வட்டு இயக்கியோடுதான் வாங்குவேன்.